சக்கரவர்த்திக்குக் காதுகுத்து

வளவன் முதல் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பியபோது, ரோமாபுரிச் சக்கரவர்த்தி பூஜை அலமாரியில் ஒரு கிண்ணம் பாலுக்குள் குப்புறக் கிடந்தார்.

அவரைக் குப்புறப் போட்டதில் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. அபிஷேகம் அவருக்கு இல்லை, காசின் மறுபக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு. ஒரு கையில் நீளமான கோல். இன்னொரு கையில் இலையும் கிளையுமாக ஏதோ ஒன்று. பெண்மணியின் நெற்றி என்று உத்தேசமாகக் கணித்த இடத்தில் ஒரு சிட்டிகைக் குங்குமம் ஏறியிருந்தது.

"இன்னாம்மா பண்ணிகினு இருக்கே?"

"மாரியாத்தாளைப் போயி செருப்பு டப்பாவுல வெச்சிருக்கியேடா, நீ உருப்படுவியா?" என்றாள் அவன் அம்மா மாரியம்மாள். தன் பெயர்கொண்ட தெய்வம் விஷயத்தில் அவளுக்கு எப்போதும் உரிமை கொஞ்சம் கூடுதல்.

செருப்பு டப்பா என்பது வளவனின் பாதுகாப்பு ஏற்பாடு. திருடன் பீரோவைத்தான் உடைப்பான், நெய்வேலிச் சுரங்கத்துக்குப் போட்டுப் போகிற சேஃப்டி ஷூவை மோந்து பார்க்க மாட்டான் என்று அவன் யோசித்திருந்தான். அம்மா செவ்வாய்க்கிழமை வீடு கழுவுவாள் என்பதை யோசிக்கவில்லை.

காசு அவனுடையது இல்லை. மேல்பட்டாம்பாக்கத்துப் பெரியண்ணன் என்பவருடையது. பெரியண்ணன் சுரங்கத்தில் சர்வே பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். கூட ரிடையர் ஆனவர்கள் எல்லாம் மாடி எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, இவர் பழங்காசு சேர்க்க ஆரம்பித்தார். அவருடைய ஒரே மகள் பொற்கொடி, நெல்லிக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். போன ஞாயிற்றுக்கிழமைதான் வளவனும் அம்மாவும் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

வளவனுக்கு வயது முப்பத்திரண்டு. கான்ட்ராக்டில் இருந்த ஒன்பது வருஷமும் பெண் வீட்டார் 'பெர்மனன்ட் ஆகட்டும்' என்றார்கள். பெர்மனன்ட் ஆன மறுநாளிலிருந்து 'வயசு கொஞ்சம் ஏறிடுச்சே' என்றார்கள். பதினோரு இடம் தட்டிப்போய்ப் பன்னிரண்டாவதாக அமைந்தவள் பொற்கொடி. அவள் காபித் தட்டோடு வந்து நின்றபோது, ஒன்பது வருஷமாக அவன் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த கன்வேயர் பெல்ட் சட்டென்று நின்றதுபோல் இருந்தது.

அன்றைக்கு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். கல்யாணத்துக்கு அப்புறம் மெட்ராஸில் தங்கி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கலாமா என்று. வளவன் வாயைத் திறப்பதற்குள் மாரியம்மாள், "அதுக்கின்னாம்மா, ரெண்டு புள்ளையப் பெத்துக் குடுத்துட்டுப் பொறுமையா படி" என்று பெருந்தன்மையாக அனுமதி வழங்கினாள். வளவனும் தலையாட்டினான். பொற்கொடி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் அப்படியே மடித்து மனசுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

பஸ் ஏறுவதற்கு முன்னால்தான் பெரியண்ணன் அந்தக் காசைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தார். கூடவே, காசில் என்ன பொறித்திருக்கிறது என்று தன் கையால் எழுதிய ஒரு சீட்டு.

"ரெண்டாயிரம் வருஷத்துக் காசு. ரசீதோட வாங்கினது. ஒரு வாரம் உங்க வூட்டுல இருக்கட்டும். கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது. அடுத்த ஞாயித்துக்கிழமை எப்படிக் குடுத்தனோ அப்படியே கொண்டாந்து குடுங்க, அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம். ஒரு காசைக் காபந்து பண்ணத் தெரியாதவன் என் பொண்ணை எப்படிக் காபந்து பண்ணுவான்?"

பெரியண்ணன் வீட்டுக்கு இதற்கு முன் வந்த இரண்டு இடம் ஏன் கூடிவரவில்லை என்று தரகரைக் கேட்டபோது, அவர் "அமையல" என்று சொல்லிவிட்டு வெற்றிலைச் சாற்றைத் துப்ப ஓரமாகப் போய்விட்டார். துப்பிவிட்டு வரவில்லை.

பாலிலிருந்து காசை எடுத்துப் பார்த்தான் வளவன். குங்குமம் எழுத்துக்களுக்குள் போய் இறங்கியிருந்தது. அம்மா பூசிய மஞ்சள், சக்கரவர்த்தியின் தாடைவரைக்கும் வந்துவிட்டது. லுங்கியால் ஒற்றினான். சிவப்பும் மஞ்சளும் கலந்து ஒரு கட்சிக் கொடி உருவானதே தவிர, எதுவும் போகவில்லை.

பெரியண்ணனுக்குப் போன் பண்ண முடியாது. ஆனால் பொற்கொடி, 'சந்தேகம்னா எனக்குப் பண்ணுங்க, அப்பாவுக்கு வேணாம், பதறிடுவாரு' என்று அன்றைக்கே தன் நம்பரைக் குறித்துக் கொடுத்திருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னதும் அவள், "அய்யோ, பாவம் நீங்க" என்றாள். அவனைப் பாவம் என்று ஒரு பெண் சொல்வது இதுதான் முதல் தடவை. சுரங்கத்தில் அவனை வேறு பல சொல்லியிருக்கிறார்கள்.

"புளியும் உப்பும் போட்டு ஊற வெச்சு, பழைய டூத் பிரஷ்ஷால நல்லா அழுத்தித் தேய்ங்க. ஒரு பொட்டு தெரியாது."

"உங்கப்பா கழுவக் கூடாதுன்னாரே?"

"அப்பா அப்படித்தான் சொல்வாரு. காசையெல்லாம் பார்த்துக்கிறது நான்தானே."

பொற்கொடி சொன்னது முழுக்க உண்மை. புதன்கிழமை சாயங்காலம் ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை. ரெண்டாயிரம் வருஷமும் தெரியவில்லை. காசு நேற்றுக் கடையில் வாங்கிய கொலுசுபோல் பளபளத்தது. சக்கரவர்த்தி அப்போதுதான் சலூனிலிருந்து எழுந்து வந்தவர்போல் இருந்தார். அந்தக் கறுப்பிலும் அழுக்கிலும்தான் பெரியண்ணனின் உயிரே இருந்தது என்பது வளவனுக்குத் தெரியும்.

மறுபடி போன். மறுமுனையில் லேசாக ஒரு இருமல்.

"பயப்படாதீங்க. இது சாதாரண கெமிஸ்ட்ரி. முட்டையில கந்தகம் இருக்கு, அது பட்டா வெள்ளி கறுக்கும். ரெண்டு முட்டையை வேக வெச்சு உதிர்த்து, காசை நடுவுல வெச்சு, டப்பாவை இறுக்கி மூடிடுங்க. பழைய நெறம் தன்னால வந்துடும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணரை நாள் இருக்கட்டும். நிதானமா வந்தாத்தான் நிக்கும்."

நிதானமாக வந்தால்தான் நிற்கும் என்ற வாக்கியத்தை வளவன் தங்கள் இல்லற வாழ்க்கைக்கான செய்தியாகவே எடுத்துக்கொண்டான். டிபன் பாக்ஸில் ஏற்பாடுகளை முடித்துப் பரணில் ஏற்றினான். ஆத்தா எங்கே என்று கேட்ட அம்மாவிடம், வந்த இடத்துக்கே போய்விட்டாள் என்று சொல்லிவைத்தான்.

கத்திரி வெயில் நாட்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் பரண் தன் ரகசியத்தை நாற்றமாக வெளியிட ஆரம்பித்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து மாரியம்மாள் ஸ்டூல் போட்டு ஏறினாள். டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை. முட்டை. அதற்குள் ஆத்தா. நெய்வேலி நிலக்கரி பழுப்பு நிறம். காசு அதைவிடப் பல மடங்கு கறுப்பாக இருந்தது.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து குவார்ட்டர்ஸ் கஸ்தூரியம்மாள் ஓடிவந்தாள். பிளாக்கின் மாதர் சங்கச் செயலாளர். அவள் உள்ளே நுழைவதற்கும் மாரியம்மாள் ஸ்டூலை விட்டு இறங்குவதற்கும் இடையில் இருந்தது மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில் முட்டையெல்லாம் முந்தானைக்குள் போய்விட்டது. ஆத்தாளை முட்டையில் புரட்டிய வீடு என்று பெயர் வாங்க எந்தத் தாயும் தயாராக மாட்டாள்.

"இன்னாக்கா ஆச்சு?"

"வெள்ளியா மின்னிகினு இருந்தவ. தானா கறுத்துப்பூட்டா."

அவ்வளவுதான் அவள் சொன்னது. மீதியை பிளாக் பார்த்துக்கொண்டது. எதிர் வரிசையில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. ஆத்தா கோபத்தில் இருக்கிறாள் என்று பத்தரைக்கு முடிவாயிற்று. மற்ற பிளாக்கில் எல்லாம் சொந்தமாக அம்மன் இருக்க, தன் பிளாக்கில் வெறும் ரேஷன் கடை மட்டும் இருக்கிறதே என்று கஸ்தூரியம்மாளுக்குப் பல வருஷத்து ஏக்கம். வளவன் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பியபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் ஆறு செங்கல், அதன்மேல் மஞ்சள் துணி, அதன்மேல் காசு, அதற்கு முன்னால் கூழ்ப் பானையோடு நாற்பது பேர் வரிசை. ஸ்பீக்கர் செட்காரர் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது போன்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் பொற்கொடி எங்கோ போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வந்தபோது குரல் கொஞ்சம் தழுதழுப்பாக இருந்தது. "பேசாம உண்மையைச் சொல்லிடுங்க. அப்பா குடுத்த சீட்டுல இருக்கிறதை அப்படியே படிச்சுக் காட்டுங்க. வெவரம் தெரிஞ்சவங்க, புரிஞ்சுக்குவாங்க."

வளவன் சீட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனான். இது மாரியம்மன் இல்லை, ரெண்டாயிரம் வருஷத்து ரோமாபுரிக் காசு என்று அடக்கமாக ஆரம்பித்தான். வரிசை அவனை இரக்கத்தோடு பார்த்தது.

"ரோமாபுரி அம்மாவுக்குக் கையில எதுக்குத் தம்பி வேப்பிலை?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"அது ஆலிவ் கிளைங்க. அந்த ஊர்ல அதுல எண்ணெய் எடுப்பாங்க."

"வேப்பங்கொட்டையிலயும் எண்ணெய்தான் எடுக்கிறோம். இன்னொரு கையில?"

"செங்கோல்."

"சூலம். மேல முனை தேஞ்சிருக்கு. நீங்கதானே ரெண்டாயிரம் வருஷம்ங்கிறீங்க, தேயாதா? சரி, சுத்தி என்ன எழுதியிருக்கு?"

வளவன் சீட்டைப் பார்த்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். படித்தான். "தலைமைப் பூசாரி."

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. முன்வரிசையில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அது அம்மாவைப் பத்தி இல்லீங்க, ராஜாவோட பட்டம். பின்பக்கம் இருக்காரு பாருங்க" என்று பதறிக் காசைத் திருப்பினான்.

"அவரைச் சுத்தி என்ன போட்டிருக்கு?"

இப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொற்கொடி அப்படியே படிக்கச் சொல்லியிருந்தாள்.

"தெய்வத்தின் மகன்."

கஸ்தூரியம்மாள் வழக்கில் ஜெயித்த வக்கீல் கண்ணாடியைக் கழற்றும் நிதானத்தோடு கேட்டாள்.

"மகனுக்கே தெய்வத்தோட மகன்னு பேரு. அப்ப இந்தப் பக்கம் உக்காந்திருக்கிற அம்மா யாரு தம்பி?"

அன்று சாயங்காலம் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு ஆரம்பித்தது. காசுக்கு 'ரோமாபுரி மாரியம்மன்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் வளவனின் பங்களிப்பு என்று பிளாக்கில் எல்லாரும் பெருமையாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலையில் அவன் கௌரவத்தையெல்லாம் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், கஸ்தூரியம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். முட்டையைத் தவிர எல்லாவற்றையும். நாளைக்கு மத்தியானத்துக்குள் காசு மேல்பட்டாம்பாக்கம் போகாவிட்டால் கல்யாணம் இல்லை. பதினோரு இடம் பார்த்தாயிற்று. இனிமேல் பார்க்கத் தெம்பு இல்லை. அதோடு, இந்தப் பெண்ணைத் தவிர வேறு பெண்ணும் வேண்டாம்.

கடைசி வாக்கியத்தில் கஸ்தூரியம்மாள் கரைந்துவிட்டாள். சங்கம் அவசரமாகக் கூடியது. கல்யாண காரியத்துக்கு ஆத்தா குறுக்கே நிற்க மாட்டாள், போய் வரட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஒரே நிபந்தனை. வெறும் கழுத்தோடு அனுப்ப முடியாது. ஒரு வளையம் வைத்து, மஞ்சள் கயிற்றில் கோத்துத்தான் அனுப்புவார்கள்.

வளவன் நாலாவது தடவையாகப் பொற்கொடியைக் கூப்பிட்டான்.

"நியாயமாத்தானே கேக்கிறாங்க" என்றாள் அவள். "ஒரு வளையம்தானே, அப்புறம் கழட்டிக்கலாம். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால கலியன் பத்தர்னு இருக்காரு. நான் போன்ல சொல்லிடறேன்."

பண்ருட்டிக்குச் சங்கத்திலிருந்து ஆறு பேர் கூட வந்தார்கள். கலியன் பத்தர் எழுபது வயதிலும் கை நடுங்காத மனுஷன். 'டீச்சரம்மா எல்லாம் சொல்லிட்டாங்க' என்று காசை வாங்கிக்கொண்டார். எவ்வளவு அக்கறை பார், என்று வளவன் நெஞ்சு இளகியது. வந்தவர்களுக்கு டீ சொல்லக் கடைக்குப் போனான். ஏழு டீயோடு திரும்பியபோது பத்தர் காசைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். காசுக்கு அந்தப் பக்கம் இருந்த தெரு தெரிந்தது.

"பத்தரே, ஓட்டை போட்டுட்டீங்களா?"

"பின்னே? ஒட்டு வெச்சா நிக்காதுங்க. ஓட்டைதான் கெட்டி."

"ராஜா தலைங்க அது."

"தெரியாதா எனக்கு? மொதல்ல மூக்குலதான் போடலாம்னு பார்த்தேன். ஆம்பளை, நல்லா இருக்காதேன்னு காதுல போட்டுட்டேன். எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்க."

உண்மையில் எடுப்பாகத்தான் இருந்தது. கஸ்தூரியம்மாளின் ஒரே குறை, காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி இல்லாமல் போயிற்றே என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை. ஒரு பெரிய பலாப்பழம், வெற்றிலை பாக்குத் தட்டு, பூ, மஞ்சள் கயிற்றில் தொங்கும் சக்கரவர்த்தி சகிதமாக அம்மாவும் மகனும் மேல்பட்டாம்பாக்கத்தில் போய் இறங்கினார்கள். பெரியண்ணன் வேட்டி மடிப்புக் கலையாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வளவன் காசை அவர் முன்னால் வைத்தான். கயிறு கொஞ்சம் ஊசலாடி நின்றது.

பெரியண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். காசைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஓட்டை வழியாக வளவனைப் பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார்.

"ரெண்டாயிரம் வருஷம்" என்றார் கடைசியில், மிகவும் மெதுவாக. "கப்பல்ல வந்துச்சு. கடல் தாண்டி வந்துச்சு. எவன் எவன் கையிலயோ போயி, மண்ணுக்குள்ள புதைஞ்சு கெடந்துச்சு. ஒண்ணும் ஆவல. உங்க வூட்டுல ஏழு நாள் இருந்துச்சு."

யார் சொல்லி இதையெல்லாம் செய்தாய் என்று கேட்டார். வளவன் உள்ளறைத் திரைச்சீலையைப் பார்த்தான். அதற்குப் பின்னால் பொற்கொடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பது நிழலாகத் தெரிந்தது. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. எனக்காக அழுகிறாள் என்று நினைத்தபோது அவன் கண்ணும் கலங்கிவிட்டது. தலை போனாலும் அவள் பெயரைச் சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான்.

"யாரும் சொல்லலீங்க. எல்லாம் நானாத்தான் பண்ணேன்."

"அப்ப நீங்க கெளம்பலாம்" என்றார் பெரியண்ணன்.

மாரியம்மாள் தட்டை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். வளவன் தெருமுனைவரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தான். பொற்கொடியின் அம்மா செங்கமலம், அவர்கள் விட்டுவிட்டு வந்த பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தாள். இரண்டு நாள் அழுதவள்போல் முகம் வாடியிருந்தது. பழத்தை அவன் கையில் கொடுத்தாள். வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. போன மாப்பிள்ளைகிட்ட குடுத்த காசை என் பொண்ணு ஆசிட்டுல போடச் சொன்னா, அதுக்கு முன்னாடி வந்தவர்கிட்ட குடுத்ததைத் தண்டவாளத்துல வெக்கச் சொன்னா. உங்களுக்குத்தான் வெறும் முட்டை, அவளுக்கு உங்க மேல ஏதோ ஒரு பிரியம் இருந்திருக்கு."